எங்கள் பிள்ளைகளின் ஆங்கிலத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள்: பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் தென் தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். உங்களிடம் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் எங்கள் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது, ஏன் இந்தப் படிப்பு என்று அவர்கள் எழுதிக்கொண்டு வரும் எஸ்ஓபி என்ற விளக்கக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்வது, உங்கள் இணையதளத்தில் ஆங்கிலத் தகுதி என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்களே, அதை அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது, இதெல்லாம் பல வருடங்களாக என் வேலையோடு வேலையாக நடக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தைச் சோதிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலம் போதாமல் அங்கே வந்து இறங்கும் பிள்ளை, செமினாரில் வாய் திறக்க முடியாமல், குரூப் அசைன்மென்ட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல், ஊரில் வாங்கிய கடனை நினைத்துத் தூக்கம் வராமல் கிடப்பது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் போன் போட்டு அழுவது எங்களிடம்தான். அதனால் சோதியுங்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா என்பதை அதன் பாஸ்போர்ட்டை வைத்து முடிவு செய்யாமல், என்ன படித்தது, எந்த மொழியில் பரீட்சை எழுதியது, உங்களோடு பேசச் சொன்னால் எப்படிப் பேசுகிறது என்று பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கேட்கிறேன். அந்த அதிகாரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பயன்படுத்தத்தான் பலர் தயங்குகிறீர்கள்.

பெரும்பான்மையாக ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று உங்கள் உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட், கயானா, மால்டா என்று போகும். அந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்தால் ஆங்கிலத்துக்கு வேறு நிரூபணம் தேவையில்லை. மால்டாவில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது மால்டீஸ் மொழி. அவர்களைச் சேர்த்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அங்கே ஆங்கிலமும் ஆட்சிமொழி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், சரிதான். அப்படியென்றால் சிங்கப்பூர் ஏன் பட்டியலில் இல்லை? அங்கே பள்ளிப் பாடங்கள் நடப்பது ஆங்கிலத்தில், பள்ளி முடிக்கும் ஏ லெவல் தேர்வையே கேம்பிரிட்ஜோடு சேர்ந்துதான் நடத்துகிறார்கள். நைஜீரியா இல்லை, கானா இல்லை, கென்யா இல்லை. இந்தியாவும் இலங்கையும் இல்லவே இல்லை.

பட்டியல் அரசாங்கத்துடையது, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லலாம். பட்டப்படிப்பு, முதுகலை அளவில் விசா விதி அப்படிச் சொல்லவில்லை. மாணவரின் ஆங்கிலம், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2 என்று சொல்லும் நிலையில் இருக்கிறதா என்பதை உயர்கல்வி நிறுவனமே தன் முறையில் மதிப்பிட்டுச் சான்று தரலாம் என்று அந்த விதி இடம் கொடுக்கிறது. அதனால்தான் உங்களில் சிலர் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கிறீர்கள், சிலர் ஆங்கில வழியில் படித்தார் என்று கல்லூரி தரும் எம்ஓஐ சான்றிதழை ஏற்கிறீர்கள், சிலர் எதையும் ஏற்பதில்லை. ஒரே பிள்ளை, ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் தெரிந்தவளாகவும் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தெரியாதவளாகவும் ஆகிறாள்.

எங்கள் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்து 1857-ல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் மதராஸிலும் பல்கலைக்கழகம் தொடங்கியது உங்கள் ஆட்சிதான். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் உயர்கல்வியின் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் பொறியியல் வந்தது 2010-ல், அதுவும் சிவில், மெக்கானிக்கல் இரண்டில். அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் மொழியில் படிக்கவும் வழக்காடவும் இடமில்லாமல் போன வலி எங்களுக்கு உண்டு, அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் பரீட்சை முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதித் தேறி வந்த பிள்ளையிடம், உன் நாட்டில் ஆங்கிலம் இல்லையே என்று சொன்னால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இந்த எம்ஓஐ சான்றிதழைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஆங்கில வழி என்று பெயர் இருக்கும், வகுப்பில் ஆசிரியர் தமிழில்தான் விளக்குவார், மாணவர் நோட்ஸை மனப்பாடம் செய்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வருவார். இப்படி நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. சான்றிதழில் முதல்வர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழைச் சந்தேகிக்கும் நீங்கள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நாள் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் முழுமையாக நம்புகிறீர்களே, அங்கேதான் எனக்குக் குறை.

ஐஇஎல்டிஎஸ் என்ற அந்த ஆங்கிலத் தேர்வு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், நான்கு பகுதி. கேட்டலில் 40 கேள்வி, வாசித்தலில் 40 கேள்வி, எழுத்துக்கு ஒரு மணி நேரம், பேச்சுக்கு 11 முதல் 14 நிமிடம். மதிப்பெண்ணை பேண்ட் என்கிறார்கள், நான்கின் சராசரியை அரை பேண்டுக்குச் சரிசெய்து மொத்தம் போடுகிறார்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்பது மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது.

என்னிடம் படித்த ஒரு மாணவி. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கொத்து வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. மூன்று வருடம் என் வகுப்பில் உட்கார்ந்து, ஷேக்ஸ்பியரிலிருந்து அச்செபே வரை படித்து, ஒவ்வொரு தாளையும் ஆங்கிலத்தில் எழுதித் தேறியவள், ஆய்வுக் கட்டுரையும் எழுதியவள், அதை நானே வரிக்கு வரி கேள்வி கேட்டுத் திருத்தினேன். அவளுக்கு வாசித்தலில் 7, கேட்டலில் 6.5, பேச்சில் 6.5, எழுத்தில் 5.5 வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்தம் 6.5. ஆனால் எழுத்தில் அரை பேண்ட் குறைவு, அதனால் இடமில்லை. அவள் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்கள் எங்களிடம் இருக்கின்றன, ஒரு பக்கத்தைக்கூட யாரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு வரைபடத்தை விவரித்து 150 சொல்லும், ஒரு பொதுத் தலைப்பில் 250 சொல்லும் எழுதியதுதான் அவளுடைய ஆங்கிலம் என்று முடிவாகிவிட்டது.

மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், மதிப்பெண் ஏறினால்தான் திருப்பித் தருவார்கள். ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இப்போது வந்திருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் அதை ஏற்கிறீர்களா என்பது உங்களில் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு பதில். முழுத் தேர்வையும் இன்னொரு முறை எழுதலாம் என்றால் இந்தியாவில் இன்று கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். அவள் அப்பாவுக்கு அது கிட்டத்தட்ட மூன்று வாரக் கூலி, வேலை தினமும் கிடைத்தால். தேர்வு மையம் இருக்கும் ஊருக்குப் போய்வரும் செலவு, முதல் நாள் இரவு தங்கும் செலவு, கூடவே ஒருவர் துணைக்குப் போவது எல்லாம் இதற்கு மேல். கோச்சிங் சென்டர் பணத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருடம். ஒரு வருடம் வேலை பார்த்துக் காசு சேர்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் பிள்ளைக்குத்தான் இந்த இரண்டு வருடக் கெடு முதலில் வலிக்கிறது.

கோச்சிங் சென்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே அவர்கள் ஆங்கிலம் கற்றுத் தருவதில்லை. தேர்வு எழுதக் கற்றுத் தருகிறார்கள். இரண்டாம் கட்டுரைக்கு முதல் பத்தியை எப்படித் தொடங்குவது, எந்த இணைப்புச் சொல்லை எங்கே போடுவது, பேச்சுத் தேர்வில் தேர்வாளர் எதைக் கேட்டாலும் தெரிந்த தலைப்புக்கு எப்படித் திருப்புவது, இதற்கெல்லாம் அச்சடித்த தாள் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் அங்கே போய் மாக் டெஸ்ட்டாக எழுதித் தள்ளியவனுக்கு 7 வருகிறது. அவனைவிட நன்றாக எழுதக்கூடிய, ஆனால் அங்கே போகக் காசில்லாத பிள்ளைக்கு 6 வருகிறது. ஆங்கில ஆசிரியையாக நான் இரண்டு பேருடைய எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறேன், யாரை நீங்கள் எடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் குழப்பமில்லை. தமிழ்நாட்டில் தாட்கோ மூலம் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு இந்தத் தேர்வுக்கான பயிற்சியை அரசே தர முன்வந்தது. வரவேற்கிறேன். ஆனால் ஒரு தேர்வுக்காக ஒரு அரசாங்கமே பயிற்சி நடத்த வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று நீங்களும் யோசிக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2021-ல் பிரிட்டிஷ் கவுன்சில் தன் இந்திய ஐஇஎல்டிஎஸ் பிரிவை ஐடிபி நிறுவனத்துக்கு 13 கோடி பவுண்டுக்கு விற்றது. தேர்வை நடத்தும் அதே நிறுவனம், மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிடும் வேலையும் செய்கிறது. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி எங்கள் ஊர்ப் பக்கம் அடகு வைத்த கம்மலிலிருந்தும் போயிருக்கிறது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நீங்கள் கவனித்திருக்கவே வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகம் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று தருகிறது. பட்டியல் சாதி, சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலி, கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, வருட வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க உதவி. அதற்கு விண்ணப்பிக்க உங்களிடமிருந்து அன்கண்டிஷனல் ஆஃபர் வேண்டும். கண்டிஷனல் ஆஃபரை ஏற்க மாட்டார்கள். நீங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பும் கடிதத்தில் மற்ற எல்லாம் சரியாக இருந்தும், ஆங்கிலத் தேர்வு முடிவைச் சமர்ப்பித்தால்தான் இடம் உறுதி என்ற ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியால் அது கண்டிஷனல். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வு எழுதப் பணமில்லை, பணத்துக்கு வழி உதவித்தொகை, உதவித்தொகைக்குத் தேர்வு முடிவு வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கண்டிஷன் ஒரு சனிக்கிழமை வேலை. எங்களிடம் படிக்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு வருடம் தள்ளிப்போகக் காரணமாகிறது, சில பேருக்கு அதோடு ஆசையே போய்விடுகிறது. உங்கள் அரசாங்கமே தரும் செவனிங் உதவித்தொகையைப் பாருங்கள், அவர்கள் தங்கள் பங்குக்குத் தனியாக ஆங்கிலத் தேர்வு கேட்பதை நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகம் கேட்பதைப் பூர்த்தி செய்தால் போதும் என்கிறார்கள். ஆகச் சுற்றிச் சுற்றி எல்லாம் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது.

தேர்வு இல்லையென்றால் ஏமாற்று வேலை நடக்கும் என்று சொல்வீர்கள். 2014-ஐ நினைத்துப் பாருங்கள். பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மையங்களில் ஆள் மாறாட்டம் நடப்பதைக் காட்டியது. உங்கள் நாட்டுக்குள், உங்கள் அரசு அங்கீகரித்த தேர்வில் நடந்த மோசடி அது. அதன் பிறகு தேர்வை நடத்திய இடிஎஸ் நிறுவனம், 2011-க்கும் 2014-க்கும் இடையில் பிரிட்டனில் அந்தத் தேர்வை எழுதியவர்களில் 97 சதவீதம் பேரின் முடிவுகள் சந்தேகத்துக்குரியவை என்று சொன்னது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விசா பறிபோனது. அவர்களில் எத்தனை பேர் தவறே செய்யாதவர்கள் என்று கணக்கிடுவதே கடினம் என்று உங்கள் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் எழுதியது. வருடக்கணக்கில் வழக்காடித் தங்கள் பெயரை மீட்டவர்களில் இந்தியர்களும் உண்டு. அந்த நாட்களில் யாராவது அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்திருந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும்.

பேசிப் பார்ப்பது ஒன்றும் உங்களுக்குப் புது வேலை இல்லை, இப்போதே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். விசாவுக்கு வேண்டிய காஸ் என்ற சேர்க்கை உறுதிச் சான்றைத் தருவதற்கு முன்னால் உங்களில் பலர் வீடியோவில் ப்ரீ-காஸ் இன்டர்வியூ வைக்கிறீர்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர், செலவுக்குப் பணம் எங்கிருந்து, படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்றெல்லாம் கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறது. நேருக்கு நேர், முகம் பார்த்து, பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டச் சொல்லி, தயாரித்த பதில் இல்லாத கேள்விகளைக் கேட்டு. உண்மையான மாணவர்தானா என்று கண்டுபிடிக்க அந்த உரையாடல் போதும் என்று நம்புகிறீர்கள், ஆனால் ஆங்கிலம் பேசுகிறாரா என்று கண்டுபிடிக்க மட்டும் அது போதாது என்கிறீர்கள். அதே உரையாடலை டெபாசிட் கட்டுவதற்கு முன்னால், ஆஃபர் தரும் கட்டத்திலேயே வையுங்கள். அதோடு, கையோடு எழுத ஒரு பகுதி சேருங்கள்: அவர்கள் சேர விரும்பும் துறையிலிருந்து இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைத் திரையில் கொடுத்து, உங்கள் கண் முன்னாலேயே அதைச் சுருக்கி எழுதச் சொல்லுங்கள். அங்கே வந்து அவர்கள் செய்யப் போவதே அதுதான்.

2020-ல் தேர்வு மையங்கள் மூடிக் கிடந்தபோது உங்களில் பலர் டுவோலிங்கோ என்ற இணையவழி ஆங்கிலத் தேர்வை ஏற்றீர்கள், பிளஸ் டூ மதிப்பெண்ணை ஏற்றீர்கள், எம்ஓஐ ஏற்றீர்கள், சொந்தமாகவும் தேர்வு வைத்தீர்கள். அப்படி வந்த எங்கள் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்ற பதிவு உங்களிடமே இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள், பார்த்துவிட்டு வெளியிடுங்கள். எந்த வழியில் ஆங்கிலத் தகுதி காட்டி வந்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்பது உங்களுக்கும் எங்களுக்கும் தெரிய வேண்டும்.

பிளஸ் டூ மதிப்பெண் விஷயத்தில் ஒரு வார்த்தை. சிபிஎஸ்இ, ஐஎஸ்சி பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பெண், அல்லது மாநிலப் பாடத்திட்டமே செல்லாது என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் சிபிஎஸ்இ என்றால் பெரும்பாலும் தனியார் பள்ளி, மாநிலப் பாடத்திட்டம் என்றால் அரசுப் பள்ளியும் அதில்தான். நீங்கள் பாடத்திட்டத்தைப் பிரிப்பதாக நினைக்கிறீர்கள், இங்கே அது வீட்டு வருமானத்தைப் பிரிக்கிறது. ஒருவேளை மாநிலத் தாள் எளிது என்று நினைத்தால், அதன் மேலே கல்லூரியில் மூன்று வருடம் ஆங்கிலத்தில் எழுதிய தாள்களையும் சேர்த்துப் பாருங்கள். முதுகலைக்கு வரும் பிள்ளையின் ஆங்கிலத்தைப் பதினேழு வயதில் எழுதிய தாளை வைத்து மட்டும் ஏன் அளக்க வேண்டும்?

ஆக, அடுத்த செப்டம்பர் சேர்க்கைக்கு விதிகளைத் திருத்த நீங்கள் உட்காரும்போது இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். ஆங்கிலத்தில் பட்டம் முடித்த எவருக்கும், எந்த நாட்டவராக இருந்தாலும், உங்கள் சொந்த நேர்காணலும் எழுத்துப் பகுதியும் போதும் என்று வையுங்கள், தேர்வு மதிப்பெண் விரும்புகிறவர்கள் தரட்டும். மொத்த மதிப்பெண் இருந்து ஒரு பகுதியில் மட்டும் அரை பேண்ட் குறைந்தால் தானாக நிராகரிக்காமல் ஒரு மனிதர் அந்த விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கட்டும். ஒரு பகுதி மட்டும் திரும்ப எழுதியதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் என்று தெரிந்தால் ஆங்கில மதிப்பீட்டை முதலில் முடித்து, கெடு தேதிக்கு முன்னால் அன்கண்டிஷனல் கடிதம் கொடுங்கள். பட்டப் படிப்புக்குச் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போதும் என்றால் அதை உங்கள் பக்கத்தில் தெளிவாக, முதல் வரியில் எழுதுங்கள். தெரியாமல் கூடுதல் பணம் கட்டி, விசாவுக்கென்று தனியாக இருக்கும் யுகேவிஐ ஐஇஎல்டிஎஸ் தேர்வை எழுதிவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன வேண்டுமோ கேளுங்கள். எங்கள் பாடத்திட்டம், செமஸ்டர் வினாத்தாள்கள், மாணவர் சம்மதித்தால் அவர் கையால் எழுதிய தேர்வுத் தாள், ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவும் திருத்திய வரைவும், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். எம்ஓஐ சான்றிதழில் வெறும் கையெழுத்தோடு நிறுத்தாமல், வகுப்பு உண்மையில் எந்த மொழியில் நடந்தது, அந்த மாணவர் எதையெல்லாம் ஆங்கிலத்தில் செய்தார், எங்கே இன்னும் தடுமாறுகிறார் என்று என் பெயரில் எழுதித் தருகிறேன், நீங்கள் போன் செய்து சரிபார்க்கலாம். எங்கள் துறையில் மற்ற ஆசிரியர்களும் இதற்குத் தயாராக இருக்கிறார்கள். ஜனவரிக்குள் உங்களில் யாராவது ஒரு பல்கலைக்கழகம் இப்படிச் செய்து பார்க்கிறோம் என்று சொன்னால்கூட, இந்த வருடம் விண்ணப்பிக்கும் எங்கள் இறுதியாண்டு மாணவர்களிடம் நாளைக்கே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஆங்கிலத் துறை ஆசிரியை ஒருவர்